கட்டித் தருகிறவன்

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் கதை எழுதுகிறவனுக்கும் ஒரே தலைவலிதான் என்பது என் அக்காள் மகன் சொல்லித்தான் தெரிந்தது. ரயில் சீட்டு ஒன்றைச் சிருஷ்டிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி, படுக்கை, சாப்பாடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரிசை தப்பாமல் சொல்லியாக வேண்டும். இரண்டு ஊர்களும் இடம் மாறிவிட்டால் இயந்திரம் முனகக்கூடச் செய்யாது. அதற்கு இரண்டும் வெறும் எழுத்துக்கள்தானே! சரி, வெறும் சீட்டை முதலில் படைத்துவிட்டு ஒவ்வொன்றாக நிரப்பலாமென்றால், தேதியில்லாத சீட்டை நடுவில் யாராவது எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள்.

இதற்குத்தான் 'பில்டர்'. 1994-ல் நால்வர் சேர்ந்து வெளியிட்ட 'டிசைன் பாட்டர்ன்ஸ்' நூலிலுள்ள 23 உபாயங்களில் ஒன்று. ஜாவாக்காரர்கள் அதிகம் கையாளுவது, ஜோஷுவா பிளாக் 'எஃபெக்டிவ் ஜாவா'வில் விளக்கிய எளிய வடிவம். இடையில் ஒரு கட்டுகிறவன். அவனிடம் ஒவ்வொரு விவரத்தையும் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் அவன் தன்னையே திருப்பித் தருவதால் பேச்சு சங்கிலி போல் நீளும். கடைசியில் 'பில்ட்' என்றதும் சரிபார்ப்பான். குறையிருந்தால் கையை விரித்துவிடுவான். வெளிவந்த சீட்டில் அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாதபடி செய்துவிடலாம்.

இரண்டே விவரங்களுக்கு இந்தத் தடபுடல் அசட்டுத்தனம். துவையல் அரைக்கச் சமையற்காரரை அமர்த்துவது போல. ஆனாலும் அந்த 'பில்ட்' என்ற வாசற்படியின் மேல் எனக்குப் பொறாமைதான். தொடர்கதைக்காரனின் கதாநாயகி, அப்பா பெயர்கூடத் தீர்மானமாகாமல், முதல் வாரமே அச்சேறி ஊரெல்லாம் போய்விடுகிறாள். முப்பதாவது வாரம் அவளுக்கு ஓர் அண்ணன் தேவைப்படும். அதற்குள் வாசகர் கடிதம் வந்துவிடும்: "ஒரே பெண் என்றல்லவா எழுதியிருந்தீர்கள்?"