ஃபிரிட்ஜில் ஓர் இரவு

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை. வானொலி நிலையத்தில் பாடலை ஓடவிட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள்.

"அப்பாவை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். ரத்தத்துல பொட்டாசியம் 6.8-ஆம். அப்படியே விட்டா இதயம் நின்னு போயிடுமாம்."

நிகழ்ச்சியை நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். வீட்டுக்குப் போனால், அப்பா வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அம்மாதான் அழுதுகொண்டிருந்தார். "நேத்து இளநி வெட்டிக் கொடுத்தேனே, நானே கொடுத்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பொட்டாசியம் வழக்கமாக 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டும். அப்பா ரத்த அழுத்தத்திற்குச் சாப்பிடும் மாத்திரை அதைக் கொஞ்சம் கூட்டக்கூடியது. அதனால்தான் கிளினிக்கில் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். உண்மையிலேயே 6.8 என்றால் இதயத் துடிப்பு தடுமாறலாம். அவசரப் பிரிவில் வந்ததும் இசிஜி எடுத்தார்கள். கோளாறு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து உடனே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா முருகனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டார்.

முடிவு வந்தது: 4.4.

ஒரே நாளில் எப்படி இறங்கியது? ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் பள்ளித்தோழியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் இளநீரைப் பற்றியே கேட்கவில்லை. "ரத்தம் எப்ப எடுத்தாங்க? லேபுக்கு எப்ப போச்சு? நடுவுல எங்க இருந்துச்சு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு எடுத்தார்கள். ஆய்வுக்கூட வண்டி அதற்குள் வந்துவிட்டுப் போயிருந்தது. குழாய் இரவு முழுக்க கிளினிக் ஃபிரிட்ஜில் இருந்து, மறுநாள் காலைதான் போயிருக்கிறது.

"அதான் விஷயம்" என்றாள் தோழி.

நம் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே ரத்த நீரில் இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். அதை உள்ளேயே வைத்திருக்க ஒவ்வோர் அணுவின் சுவரிலும் சிறு பம்புகள் ஓயாமல் வேலை செய்கின்றன. குளிரில் அந்தப் பம்புகள் சோர்ந்துவிடும். பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியே கசியும். அணு உடைந்தால் ரத்த நீர் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்படிக் கசியும்போது நிறம் மாறாது. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் சீக்கிரமே குழாயைச் சுழற்றி, அணுக்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும்.

அப்படியென்றால் ஐஸ் என்றாலே ஆகாதா? அதுவும் இல்லையாம். கல்லீரல் நோயாளிகளுக்குப் பார்க்கும் அமோனியா சோதனைக்கு, ரத்தம் எடுத்தவுடன் ஐஸில் வைத்து ஓட வேண்டும். வெளியே இருந்தால் அமோனியா பொய்யாக ஏறிவிடும். கிரையோகுளோபுலின் என்ற புரதத்தைத் தேடும் சோதனையோ நேர் எதிர். குளிர்ந்தால் அந்தப் புரதம் படிந்துவிடும். உடல் சூடான 37 டிகிரியிலேயே கொண்டுபோக வேண்டும். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் வெளியே விட்டால், அணுக்களே அதைத் தின்று மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைத்துவிடும். ஒரே கையில் எடுத்த ரத்தம்தான். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒவ்வொரு பக்குவம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா பயந்துவிட்டார். மருத்துவர் தொடரச் சொல்லியும் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்துத் தலைசுற்றுகிறது என்றபோது அழுத்தம் 178. அந்தப் பொய்யான எண் செய்த உண்மையான கெடுதல் அதுதான்.

கோபத்தோடு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த தாதிக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "கெட்டுப் போயிடக்கூடாதுன்னுதான் அக்கா உள்ளே வச்சேன்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. மீந்த குழம்பிலிருந்து கண்மருந்து வரை எங்கள் வீட்டிலும் எல்லாவற்றையும் அந்த எண்ணத்தில்தான் ஃபிரிட்ஜில் வைக்கிறோம். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மருத்துவரிடம் பேசினேன். இப்போது இந்தச் சோதனைக்கு மதியத்துக்கு மேல் அங்கே ரத்தம் எடுப்பதில்லை.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். முடிந்தவரை காலையில் போங்கள். வண்டி எப்போது வரும் என்று கேளுங்கள், அது மரியாதைக் குறைவல்ல. ஊசி போடும்போது கையை மூடி மூடித் திறக்காதீர்கள், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றிக்காட்டும். ஆனால் எண் அதிகம் என்று அழைப்பு வந்தால், "ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள்" என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடாதீர்கள். முதலில் மருத்துவமனை, பிறகுதான் கேள்வி. எத்தனையோ பேருக்கு அந்த எண் உண்மையாகவே இருக்கிறது.

போன மாதம் அப்பாவுக்கு மறுபடி சோதனை. காலை ஒன்பது மணி. சட்டைக் கையை மடித்துக்கொண்டே அதே தாதியிடம் கேட்டார்: "வண்டி எத்தனை மணிக்கும்மா?"

"பத்தரைக்கு அங்கிள். அதுக்குள்ள நானே சுத்திப் பிரிச்சிடுவேன்" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா இளநீர்க் கடையில் காரை நிறுத்தச் சொன்னார்.