தகப்பன் உட்கார்ந்த இடம்



தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் வெள்ளைக்காரர்களின் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியே பலமுறை கேட்டிருக்கிறாள். கித்தா மரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கித்தார் எதற்கு என்பது அவளுடைய கேலி. ஆனால் லண்டனில் நடந்த ஒரு கச்சேரியின் பதிவுக்காக நானும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தேன். அது கைக்கு வந்து, அதைப் பார்த்து முடித்த இரவில், என் தம்பிக்கு நான் செய்த ஒரு தவறும் எனக்கு விளங்கியது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெட்டு முடித்து, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். அவரைத் தோட்டம் முழுவதும் அறிந்தது மரம் வெட்டியதற்காக அல்ல, உறுமிக்காக. மாரியம்மன் திருவிழாவில் கரகம் புறப்படும் நேரம், வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அவர் எழுப்பும் உறுமல் கடைசி லயம் வரை கேட்கும். பிள்ளைகள் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

1994இல் அப்பா மாரடைப்பால் காலமானார். எனக்கு வயது பதினெட்டு, தம்பிக்குப் பதினைந்து. மறு ஆண்டுத் திருவிழாவில் யாரும் சொல்லாமலே தம்பி அந்த உறுமியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். கரகம் கோயிலுக்குத் திரும்பியதும் வியர்வை சொட்டச் சொட்ட என்னிடம் வந்தான்.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

பக்கத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "அப்பா அடி உனக்கு வராதுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து உறுமியைச் சுவரில் மாட்டினான். அதன் பிறகு அதை அவன் தொடவே இல்லை.

அடுத்த ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதியில் என் அறை நண்பர் ஒரு மலாய் இளைஞர். அவருடைய பெட்டியில் துணிமணிகளைவிட ஒலிநாடாக்கள் அதிகம். லெட் செப்பலின் என்ற ஆங்கில இசைக்குழுவின் ஒலிநாடாவை அவர்தான் முதலில் போட்டுக் காட்டினார். முதலில் எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் பட்டது. ஆனால் மேளம் மட்டும் காதில் நின்றுகொண்டது. "இந்த மேளக்காரர் யார்?" என்று கேட்டேன். "ஜான் போனம். செத்துப் போய்விட்டார்" என்றார் நண்பர்.

அந்தக் குழுவில் நான்கு பேர். கித்தாருக்கு ஜிம்மி பேஜ், பாட்டுக்கு ராபர்ட் பிளாண்ட், பேஸ் கித்தாருக்கும் விசைப்பலகைக்கும் ஜான் பால் ஜோன்ஸ், மேளத்துக்கு ஜான் போனம். 1968இல் ஒன்று சேர்ந்தவர்கள். பிளாண்டும் போனமும் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள். போனம் இளம் வயதில் தன் தகப்பனாரோடு தச்சு வேலை பார்த்தவர். பிளாண்ட் பாட்டில் பிழைக்கும் முன் சாலைக்குத் தார் போட்டவர். இதைக் கேட்ட பிறகு அவர்கள் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை. நம் ஆட்களைப்போல உடம்பால் உழைத்தவர்கள்தானே!

போனத்தின் வாசிப்பைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்கிறேன். குழுவின் முதல் இசைத்தட்டு 1969இல் வந்தது. அதன் முதல் பாட்டில் அவர் பெரிய மேளத்தை ஒற்றைக் காலால் மிதித்து, மும்மூன்றாக விரையும் அடிகளைக் கொடுத்தார். இரண்டு மிதிகளை வைத்துக்கொண்டு வாசிக்கிறார் என்றே பலர் எண்ணினார்கள். இன்னொன்று, மேடையில் 'மோபி டிக்' என்ற உருப்படியில் நெடுநேரம் தனியாக வாசிப்பார். இடையில் குச்சிகளை வைத்துவிட்டு வெறுங்கையால் தட்டுவார். கையால் தோலைத் தட்டுவது என்றால் நமக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

இத்தனை திறமையையும் குடி கொண்டுபோய்விட்டது. 1980 செப்டம்பர் 25ஆம் நாள், அளவுக்கு மீறிக் குடித்த வோட்காவால், உறங்கிய இடத்திலேயே போனம் இறந்தார். வயது முப்பத்திரண்டு. சம்சு எத்தனை வீடுகளின் விளக்கை அணைத்தது என்று அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவர் இல்லாமல் தொடர முடியாது என்று மற்ற மூவரும் அந்த ஆண்டு டிசம்பரில் குழுவைக் கலைத்தார்கள்.

போனத்துக்கு ஜேசன் என்று ஒரு மகன். 1976இல் வெளிவந்த குழுவின் திரைப்படத்தில், சிறு பையனாகத் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து குட்டி மேளம் வாசிப்பான். தகப்பன் இறந்தபோது அவனுக்கு வயது பதினான்கு.

குழு கலைந்தாலும் ரசிகர்கள் விடவில்லை. 1985இல் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மூவரும் மேடையேறினார்கள். மேளத்துக்கு வேறு இருவரை வைத்துக்கொண்டார்கள். போதிய ஒத்திகை இல்லை, கித்தாரில் சுருதி சேரவில்லை. பின்னர் அந்த நிகழ்ச்சி குறுவட்டாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கவே அவர்கள் இணங்கவில்லை. 1988இல் நியூயார்க்கில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். இம்முறை மேளத்தின் முன் உட்கார்ந்தவர் இருபத்தொரு வயது ஜேசன். அதுவும் சரியாக அமையவில்லை. பிறகு பத்தொன்பது ஆண்டுகள் அவர்கள் சேர்ந்து முழுக் கச்சேரி எதுவும் செய்யவில்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தது ஒரு பெரியவரின் மரணம். அகமது எர்தெகுன் இஸ்தான்புல்லில் பிறந்த துருக்கியர். தூதர் ஒருவரின் மகன். 1947இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். ரே சார்லஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை உலகறியச் செய்த நிறுவனம் அது. லெட் செப்பலினுக்கு 1968இல் வாய்ப்புக் கொடுத்ததும் அதுதான். எர்தெகுன் 2006 டிசம்பரில் மறைந்தார். அவர் நினைவாக லண்டன் ஓ-டூ அரங்கில் ஒரே ஒரு கச்சேரி என்று அறிவித்தார்கள். பணம் அவர் பெயரிலான கல்வி நிதிக்கு. மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கும் நிதி அது. வாத்தியாரான எனக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

ஒரு நுழைவுச்சீட்டு 125 பவுன். குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். இரண்டு கோடி விண்ணப்பங்கள் குவிந்தன என்று செய்தி வந்தது. அரங்கில் கொள்வதோ ஏறத்தாழ இருபதாயிரம் பேர். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். ஆயிரம் பேருக்கு ஒருவர்! நவம்பர் 26 என்று குறித்திருந்த நாளும் தள்ளிப்போனது. பேஜ் கீழே விழுந்து விரல் எலும்பு முறிந்துவிட்டது. கடைசியில் 2007 டிசம்பர் 10ஆம் நாள் கச்சேரி நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பதினாறு பாட்டுகள். மேளத்தின் முன் நாற்பத்தொரு வயது ஜேசன் போனம்.

மறுநாள் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளின. கல்லூரி நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, "படம் பிடித்திருக்கிறார்கள், சீக்கிரம் குறுவட்டு வந்துவிடும்" என்றார். எங்கே வந்தது? 2008 போயிற்று, 2009 போயிற்று. கைத்தொலைபேசியில் யாரோ பிடித்த ஆடும் படங்களும் கரகரக்கும் ஒலியும்தான் இணையத்தில் கிடைத்தன. மறுபடி கச்சேரி செய்வார்கள் என்ற பேச்சும் ஓய்ந்துபோயிற்று. 2010 போயிற்று, 2011ம் போயிற்று. 2012 அக்டோபரில் படத்தைத் திரையரங்குகளில் காட்டினார்கள். நவம்பர் 19ஆம் நாள் 'செலிப்ரேஷன் டே' என்ற பெயரில் இசைத்தட்டும் குறுவட்டும் வெளிவந்தன. ஒரே இரவின் பாட்டைக் கேட்க உலகம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது.

2013ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் நண்பர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு போட்டோம்.

முதல் பாட்டு எது தெரியுமா? போனம் ஒற்றைக் காலால் வாசித்த அதே பாட்டு! தகப்பனின் மிகக் கடினமான பாடத்தில் மகனுக்கு முதல் பரீட்சை. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஜேசன் வாசித்தார். அந்தக் கால் அடிகள் பிசகவில்லை. அதே சமயம் அது செத்தவரின் நகலாகவும் இல்லை. அவர் உடம்பு வேறு, கை வேறு, கனம் வேறு. அது அப்படியே கேட்டது.

அதன் பிறகு நான் பாட்டைக் கேட்டதைவிட அந்த மூன்று பெரியவர்களைப் பார்த்ததுதான் அதிகம். பேஜுக்கு அறுபத்து மூன்று வயது, தலை வெள்ளி. ஜோன்ஸுக்கு அறுபத்தொன்று, பிளாண்டுக்கு ஐம்பத்தொன்பது. அத்தனை பெரிய மேடையில் ஆளுக்கொரு மூலைக்குப் போகாமல், மேளத்தை ஒட்டியே நின்றார்கள். திரும்பித் திரும்பி ஜேசனைப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக வந்து விழும்போது சிரித்தார்கள். இளமைக் குரல் இப்போது வராது என்பதால் சில பாட்டுகளின் சுருதியையும் இறக்கியிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் பாடிய மாதிரி பாட வேண்டும் என்று தங்களையே அவர்கள் கட்டாயப்படுத்திக்கொள்ளவில்லை. அப்படியிருக்க, செத்த நண்பனாகவே மாறிவிடு என்று அவன் மகனிடம் மட்டும் கேட்பார்களா? 'மோபி டிக்' அன்றைய பதினாறு பாட்டுகளில் இல்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

'காஷ்மீர்' என்ற பாட்டு முடியும்போது நண்பர் என்னைப் பார்த்தார். என் கண் கலங்கியிருந்தது. பாட்டு அவ்வளவு பிடித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. என் பார்வை சுவரில் தொங்கிய உறுமியின் மேல் இருந்தது.

ஜேசன் 1988இல் தகப்பன் இடத்தில் உட்கார்ந்தபோது, "உனக்கு அப்பா அடி வராது" என்று அந்த மூவரும் சொல்லியிருந்தால் 2007 வந்திருக்குமா? அவர்கள் மறுபடியும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பல வாரங்கள் கூட உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள். என் தம்பிக்கு யார் ஒத்திகை பார்த்தது? பதினாறு வயதுப் பையன், அப்பா போன துக்கத்தை ஒரு தோல் வாத்தியத்தில் கொட்டினான். படித்த அண்ணன் நான், நாலு பேர் முன்னால் அதற்கு மதிப்பெண் போட்டேன். பள்ளிக்கூடத்தில் பிறர் பிள்ளைகளை "முயற்சி செய், வரும்" என்று தட்டிக்கொடுப்பவனுக்கு, சொந்தத் தம்பியிடம் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

மறுநாள் காலை தம்பிக்குத் தொலைபேசியில் பேசினேன். அவன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான். நம் தோட்டத்துக் கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது வெளியேறிய குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன்.

"எதைண்ணே சொல்றீங்க?" என்றான். ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தோலு இருக்கா, கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

ஒரு பக்கம் கிழிந்துதான் இருந்தது. புதுத் தோல் போடக் கொடுத்தேன். 2014 திருவிழாவுக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். லயங்களில் பாதி காலியாகிவிட்டாலும், திருவிழா அன்று எங்கெங்கோ போனவர்களெல்லாம் தோட்டத்துக்குத் திரும்பி வருவது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது ஆண்டுகள் தொடாத கை. பாதி வழியில் அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அவன் மகன் பக்கத்திலேயே நடந்து தண்ணீர் கொடுத்தான். கிழவர்கள் சிலர் அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். நான் சொல்லவில்லை.

கரகம் இறங்கியதும் தம்பி என்னிடம் வந்தான். முன்போலவே வியர்வை சொட்டியது.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுடா" என்றேன். "நீ அடிச்ச மாதிரியே இருந்துச்சு."

அவன் சிரித்தான். உறுமியை இறக்கி என்னிடம் கொடுக்காமல், தன் காரிலேயே ஏற்றிக்கொண்டான். எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் தகப்பனார் விட்டுப்போன ஏதாவது இருக்கலாம். மேளமோ, உளியோ, பாட்டோ, சமையல் பக்குவமோ. பிள்ளைகளில் ஒருவர் அதைத் தயங்கித் தயங்கி எடுத்தால், பழைய ஆளோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், அது போதும்.