யாருக்குத் திருப்தி?

காற்றும் உடல்நலமும் குறித்துத் தில்லிப் பள்ளி ஒன்றும் அமெரிக்கப் பள்ளி ஒன்றும் நடத்திய காணொளிப் பரிமாற்றத்தில், இந்தி–ஆங்கில மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்திருந்தேன்.

நம் மாணவர் ஒருவர், பிஎம் 2.5 நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்றும், ஆகவே காற்று ‘சந்தோஷ்ஜனக்’ என்றும் வாசித்தார். தமிழில் மகிழ்ச்சியாகிவிட்ட சந்தோஷம் இந்தியில் மனநிறைவு. எனவே ‘திருப்திகரம்’ என்ற பொருளில் மொழிபெயர்த்தேன். மறுமுனையினர் திகைத்தனர். அவர்களது குறியீட்டில் அதே 50, எளிதில் பாதிப்புறுவோருக்குக் கேடு விளைவிப்பது. அவ்வகையினருள் குழந்தைகளும் அடங்குவர்.

இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60, அமெரிக்காவில் 35, உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. அமெரிக்க அளவுகோலைத் தில்லியின் குளிர்காலத்திற்குப் பொருத்தினால், எச்சரிக்கைச் சொல் நாள்தோறும் மாறாது நின்று தேய்ந்துபோகும் என்பர். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு மேல்நிலை வகைகளைப் பிரித்தால் போதுமே. கீழ்நிலைக்குத் ‘திருப்தி’ எனப் பெயரிடுவானேன்? எளிதில் பாதிப்புறுவோருக்குச் சிறிது மூச்சுச் சிரமம் நேரலாம் என்று அவ்வகைக்கான நம் அரசு விளக்கமே கூறுகிறது. திருப்தியுறுபவர் யாரென்பதை மட்டும் அச்சொல் சொல்வதில்லை.

ஆஸ்துமா உள்ள மாணவி ஒருத்தி, அன்று தான் விளையாடியிருக்கலாமா என்று கேட்டாள். விளையாடலாம், இடையிடையே ஓய்வு வேண்டும், இன்ஹேலர் கைவசம் இருக்க வேண்டும் என்றார் அமெரிக்க ஆசிரியை. மாணவி அதனைக் குறிப்பேட்டில், 50 என்ற எண்ணுக்கு எதிரே எழுதிக்கொண்டாள்.