சுளுக்குதானே!

எட்டு மாதமாகிறது. வலது கணுக்கால் இன்னும் வலிக்கிறது. அடிபட்டது பெரிய விஷயமில்லை. கள ஆய்வுக்குப் போன காலனியில் சாக்கடை மேல் போட்டிருந்த கல்பலகை ஆடியது, பாதம் உள்பக்கமாக மடங்கியது, அவ்வளவுதான். ஊர்த்தெருவில் அதே சாக்கடைக்கு கான்கிரீட் மூடி இருக்கிறது. காலனிக்குள் நுழைந்ததும் அது ஆடும் பலகையாகிவிடுகிறது. இதை விபத்து என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஐந்து நாளைக்கு வலி மாத்திரை, ஒரு கிரேப் பேண்டேஜ். "சுளுக்குதாம்மா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட் தெரியாது. சுளுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த லிகமென்ட் இழுபட்டுப் போவது அல்லது கிழிவது. வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். ஆனால் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை தேற நாளாகும். அதனால்தான் சமதரையில்கூட கால் தடுமாறுகிறது, மறுபடி மறுபடி பிசகுகிறது. வெறும் ஓய்வு இதற்குப் போதாது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று காலுக்கு மீண்டும் பழக்க வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட் தோழி சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது.

என் பேண்டேஜைப் பார்த்து, "என்ன கண்ணு, கால்ல?" என்று முதலில் கேட்டவர் அதே காலனியில் இருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அக்கா. அவருக்குக் குதிகால் வலி. விடியற்காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி முள்மேல் வைப்பதுபோல இருக்குமாம். கொடுத்திருக்கும் கம்பூட்ஸ் ஒரு சைஸ் பெரியது. எழுந்ததும் பாதத்தை நீவிவிட்டு, கெண்டைக்காலை இழுத்துவிட்டு நடக்கச் சொன்னேன். "எந்த நேரத்துல?" என்றார். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. எனக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது.

இதை எழுதும்போதே ஒரு குரல் கேட்கிறது: வெட்டுப்பட்டவர்களும் எரிக்கப்பட்டவர்களும் இருக்கும் இயக்கத்தில் கணுக்கால் வலியெல்லாம் ஒரு பேச்சா? தோழர்கள் சிலர் வாய்விட்டே கேட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சின்ன வலியைச் சொல்லக் கூசும் பழக்கம் கடைசியில் போய் நிற்பது காவல் நிலையத்தில்.

எப்படி என்று சொல்கிறேன். நான் இப்போது கூடவே அலையும் ஒரு வன்கொடுமை வழக்கில், செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தான் என்பதற்காக ஒரு தம்பியைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். (செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எழுத வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.) அவனுக்கும் கணுக்கால்தான். எலும்பு முறியவில்லை, ஆகவே காயச் சான்றிதழில் 'சாதாரண காயம்'. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா 116ஆம் பிரிவில் கொடுங்காயம் என்பது எலும்பு முறிவு மட்டுமல்ல. 15 நாட்கள் கடும் உடல்வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

தம்பி வேலைக்குப் போய் மூன்று வாரமாகிறது. "வலி இருக்குதான்க்கா, ஆனா சுளுக்குதானே, சொன்னா சிரிப்பாங்க" என்கிறான். முதல் நாள் ஓபி சீட்டைத் தவிர அவனிடம் ஒரு காகிதமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி அவனைக் கூட்டிப் போகிறேன். இன்னும் வலிக்கிறது, நிற்க முடியவில்லை, வேலைக்குப் போகவில்லை என்ற மூன்றையும் அவன் வாயாலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், அது தேதியோடு சீட்டில் ஏற வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வரை கொஞ்சம் நடை இருக்கிறது. இரண்டு பேரும் மெதுவாகத்தான் போவோம்.