ஆடியில் விழாத இடம்

ரெய்டு என்ற சொல்லைக் கேட்டதும் வருமான வரித்துறையும் வாசலில் வந்து நிற்கும் வாகனங்களும் நினைவுக்கு வருவது நம்மூர் வழக்கம். கணினித் துறையார் சொல்லும் ரெய்டு வேறு. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் நிலைபெற்ற பெயர் அது. விலை குறைந்த வட்டுகள் சிலவற்றை ஓரணியாக நிறுத்தி, அவற்றுள் ஒன்று செத்தாலும் தகவல் சாகாமல் காப்பதே அதன் உட்கருத்து. அப்பெயரின் முதலெழுத்து குறிக்கும் சொல்லைத் தமிழாக்கினால் 'மிகை' என்றுதான் வரும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தயக்கம் உண்டாவது இயல்பு. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் ஒன்று. கூறியது கூறலும் ஒன்று. விடைத்தாள்களில் இவ்விரண்டையும் சிவப்பு மையால் சுழிப்பதே எங்கள் பிழைப்பு. அதே குற்றங்களை இரண்டு வன்வட்டுகளின்மேல் வேண்டுமென்றே செய்வதற்காக, ஒரு கல்லூரித் தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் மூவர் விடுமுறை நாளொன்றில் உட்கார்ந்தோம்.

எங்களிடம் இருப்பது பெரிய ஆவணக் காப்பகம் அன்று. சுற்றுவட்டார வீடுகளில் இரவல் வாங்கிப் படமெடுத்த பழைய சிற்றிதழ்கள், பள்ளி ஆண்டுமலர்கள், கும்மிப் பாட்டுச் சிறுநூல்கள்; அவற்றோடு ஒப்பாரி பாடிய மூதாட்டியரின் ஒலிப்பதிவுகள். படமெடுத்ததும் மூலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அப்படிக் கொடுத்த வீடொன்றில், பெரியவர் காலமான பிறகு பரணில் இருந்ததெல்லாம் எடைக்குப் போயிற்று. வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. "அதான் உங்ககிட்ட இருக்கே" என்றார்கள். அச்சொல்லில் நம்பிக்கை இருந்தது. எங்கள் தலையில் ஏறிய பாரமும் இருந்தது. பாடியவர்களில் இருவர் இப்போது இல்லை. படியென்று நாங்கள் எண்ணியிருந்தது சொல்லாமல் கொள்ளாமல் மூலமாகிவிட்டது. அந்த மூலமோ ஒற்றை வன்வட்டில் சுழன்றுகொண்டிருந்தது.

சுழல்வது ஒருநாள் நின்றே தீரும். எனவே இரண்டு டெராபைட்டு வட்டுகள் இரண்டு வாங்கினோம். லினக்ஸில் இவற்றை இணைக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கருநிரலுக்குள்ளேயே அதற்கான பகுதி உண்டு. எம்டிஆட்ம் என்னும் கட்டளை அதை ஆளும். எழுதப்படும் ஒவ்வொன்றையும் அது இரு வட்டுகளிலும் எழுதும். இதற்கு ஆடிப் பிம்பம் என்று பெயர். ரெய்டு வகைகளில் முதலாம் எண்ணுக்கு உரியது.

வட்டை அப்படியே முழுதாக இணைக்காமல் முதலில் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். நிலத்தை அளந்து வரப்புக் கட்டுவது போன்ற வேலை இது. வரப்பு விவரங்களைச் சொல்லும் அட்டவணை ஒன்று வட்டின் தொடக்கத்தில் இருக்கும். 1983 முதல் புழங்கிய பழைய அட்டவணை 512 பைட்டு கொண்ட ஒரே துண்டுக்குள் அடங்கியது. நான்கு முதன்மைப் பகுதிகளுக்கே அதில் இடம். வழக்கமான வட்டுகளில் சுமார் இரண்டு டெராபைட்டுக்கு அப்பால் அதனால் எண்ண இயலாது. இன்று புழங்கும் ஜிபிடி அட்டவணை தனக்கொரு படியை வட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. கூறியது கூறும் குணம் அட்டவணைக்கே வந்துவிட்டது.

ஒவ்வொரு வட்டிலும் மூன்று பகுதிகள் வகுத்தோம். முதலாவது 512 மெபிபைட்டு. அதன் கதை பின்னால் வருகிறது. இரண்டாவது 60 கிபிபைட்டு, இயங்குதளத்துக்கு உரியது. மூன்றாவது தொகுப்புகளுக்கு. தொகுப்பு பெருத்து இடம் நிறைந்தாலும் இயங்குதளம் மூச்சுத் திணறாதிருக்கவே இந்தப் பிரிவினை. நினைவகம் போதாதபோது கணினி ஒதுங்கும் ஸ்வாப் இடத்தையும் இரண்டாம் பகுதிக்குள்ளேயே ஒரு கோப்பாக வைத்தோம். ஆடிக்கு வெளியே ஒரே வட்டில் அதை வைத்திருந்து அந்த வட்டு செத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பாதியில் விழும். கடைசியில் ஒரு கிபிபைட்டு அளவு நிலத்தைத் தரிசாக விட்டோம். இரண்டு டெராபைட்டு என்று விற்கும் வட்டுகளெல்லாம் கடைசித் துண்டுவரை ஒரே அளவாய் இருப்பதில்லை. நாளை வாங்கும் மாற்று வட்டு மயிரிழை குறைந்தாலும் ஆடி அதை ஏற்காது.

ஒரு வட்டின் அட்டவணையை மற்றதற்குப் படியெடுக்க எஸ்ஜிடிஸ்க் என்னும் கட்டளை உண்டு. அதில் பெறும் வட்டின் பெயர் முன்னும் தரும் வட்டின் பெயர் பின்னும் வரும். மாற்றி எழுதினால் வெற்று அட்டவணை நிறைந்த அட்டவணையை விழுங்கிவிடும். படியெடுத்த பின் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்குமாதலால் இரண்டாவதற்குப் புதிய எண் தரவும் வேண்டும். கணினி வட்டுகளுக்கு இடும் பெயர்கள் அடுத்தமுறை இயக்கும்போது இடம் மாறலாம். ஆகவே வரிசை எண்ணைப் பார்த்து இரண்டின்மேலும் தாள் ஒட்டினோம். எங்கள் துறையில் வேறென்ன எழுதுவார்கள்? ஒன்றில் 'அகம்', மற்றொன்றில் 'புறம்'.

இனி முதல் பகுதிக்கு வரலாம். கணினி விழிக்கும் கணத்தில் லினக்ஸ் என ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தாய்ப்பலகையில் பதிந்துள்ள யூஇஎஃப்ஐ என்னும் சிறுநிரல் மட்டுமே விழித்திருக்கும். அது ஒரு வட்டைத் தேடி, ஃபேட் முறையில் எழுதிய சிறு பகுதியைக் கண்டு, அங்குள்ள தொடக்க நிரலை எழுப்பும். தொடக்க நிரல் கருநிரலை எழுப்பும். கருநிரல் எழுந்த பிறகுதான் வட்டுகள் இரண்டும் உண்மையில் ஒன்று என்ற அறிவு முழுதாகப் பிறக்கும். அதாவது, ஆடி உருவாவதற்கு முன்பே படிக்கப்பட வேண்டிய எழுத்துகள் சில உள்ளன. அவை ஆடியில் விழுவதில்லை.

இதை எண்ணாமல் இரண்டு வட்டுகளையும் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? தகவல் முழுதும் இரண்டிலும் இருக்கும். தொடக்கம் மட்டும் அகத்தில் இருக்கும். அகம் செத்த நாளில் புறம் எல்லாவற்றையும் அறிந்தும் வாய் திறக்கத் தெரியாமல் கிடக்கும். தகவல் அழிந்துவிடாது என்பது உண்மை. ஆயினும் திறக்கத் தெரிந்தவர் வரும்வரை அது இருந்தும் இல்லாததே.

அந்தச் சிறு பகுதியையும் ஆடியாக்கிவிட ஒரு வழி உண்டு. ரெய்டுக்கான குறிப்புகளைப் பகுதியின் தலையில் எழுதாமல் வாலில் எழுதினால், தாய்ப்பலகை அதைச் சாதாரணப் பகுதியென்று நம்பிப் படித்துக்கொள்ளும். ஆனால் தாய்ப்பலகை அதில் எதையாவது எழுதிவிட்டால், ஆடிக்குத் தெரியாமல் ஒரு முகம் மட்டும் மாறிப்போகும். எனவே நாங்கள் தனித்தனியான இரண்டு தொடக்கங்களையே வைத்தோம். தொடக்க நிரலை இரண்டிலும் நிறுவினோம். வேறு பதிவு இல்லாதபோது தாய்ப்பலகை தானாகவே தேடும் பொதுப்பெயரில் ஒரு படியையும் இரண்டிலும் இட்டோம். தொடக்க நிரல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் ஒன்றிலிருந்து மற்றதற்குப் படியெடுக்கச் சிறு நிரல் எழுதினோம். வட்டுப் பகுதிகளைப் பொருத்தும் பட்டியலில் இவ்விரண்டுக்கும் நேரே நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்தோம். அச்சொல் இல்லையேல், காணாமற்போன வட்டின் தொடக்கப் பகுதிக்காகக் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பிறகு அவசர நிலையில் நின்றுவிடும். முற்றும் நலமாயுள்ள மற்ற வட்டை வைத்துக்கொண்டே அது நின்றுவிடும் என்பதுதான் வேடிக்கை.

எல்லாம் முடிந்து இரு வட்டுகளும் ஒத்துப்போக ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆயிற்று. எம்டிஸ்டாட் என்னும் கோப்பைத் திறந்தால் நிலைமை தெரியும். சதுர அடைப்புக்குள் இரண்டு 'யு' எழுத்துகள் நின்றால் இருவரும் நலம். ஒருவர் போனால் அவ்விடத்தில் எழுத்துக்குப் பதில் ஓர் அடிக்கோடு. மரணச் செய்தியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

உதவிக்கு வந்திருந்த கணினி ஆய்வக இளைஞர் விடைபெற எழுந்தார். அகத்தை உருவிவிட்டு இயக்கிப் பார்க்க வேண்டும் என்றோம். "ஐயா, நல்லா ஓடிக்கிட்டுதானே இருக்கு, அத ஏன் உருவணும்?" என்றார். எங்களில் மூத்த அம்மையார் சொன்னார்: "தம்பி, பரீட்சை வைக்காம பாஸ் போட்டா நம்ம வேலைக்கே அடுக்காது."

கணினியை அணைத்து அகத்தின் கம்பிகளைக் கழற்றி மீண்டும் இயக்கினோம். திரை கறுத்திருந்த அந்தச் சில நொடிகள் நீளமானவை. பிறகு புறம் மட்டுமே கொண்டு கணினி விழித்தது. அடைப்புக்குள் ஓர் அடிக்கோடும் ஒரு 'யு'வும் நின்றன. மூதாட்டி ஒருவரின் ஒலிப்பதிவைத் திறந்தோம், பாடினார். அகத்தை மீண்டும் சேர்த்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை காத்திருந்து, அதன் பின்னரே புறத்தை உருவினோம். இந்தக் காத்திருப்பு இன்றியமையாதது. தனித்தனியே ஓடிய இரு வட்டுகள் தத்தம் கதையை எழுதிக்கொண்டுவிட்டால் பிறகு அவை ஒரே நூலின் இரு படிகள் ஆகா.

இத்தனைக்குப் பிறகும் இதைக் காப்புப்படி என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. கை தவறி ஒரு கோப்பை அழித்தால் ஆடியும் அதே நொடியில் அழிக்கும். பிழையை எழுதினால் பிழையையே இரட்டிக்கும். டெபியன் வகை லினக்ஸ் மாதத்தின் முதல் ஞாயிறன்று இரு வட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு வட்டு ஓரிடத்தைப் படிக்க முடியாமல் திணறினால், அதாவது குன்றக் கூறினால், மற்றதிலிருந்து எடுத்து இட்டு நிரப்பிவிடும். ஆனால் இரண்டும் தெளிவாகப் படித்து வேறுவேறாகச் சொன்னால், அது மாறுகொளக் கூறல். எது சரியென்று தீர்ப்புச் சொல்ல ஆடியால் இயலாது. இரண்டே ஏடுகளை வைத்துப் பாடபேதம் தீர்க்கப் புகுந்த பதிப்பாசிரியரின் நிலை அதற்கு.

ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை எழுதித் தனியே வைத்திருக்கிறோம். மாறுபாடு வந்தால் அதுவே சாட்சி. மூன்றாம் படி வேறோர் ஊரில், எங்களில் ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை பையில் வந்து, புதியனவற்றைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறது.

இன்னொன்றும் செய்தோம். மூத்தவர் இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வுபெறுகிறார். வட்டு செத்தால் எதைக் கழற்றுவது, எந்தக் கட்டளையை இடுவது, தொடக்க நிரலைப் புதிய வட்டில் எப்படி நிறுவுவது என்பதை அவர் தம் கையெழுத்தில் இரண்டு தாள்களில் எழுதினார். இரண்டிலும் ஒரே செய்திதான். ஒன்று கணினி மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. மற்றொன்று, அண்மையில் பணிக்கு வந்த இளம் ஆசிரியரிடம்.