பின்னற் குழாய்

மோட்டார் வண்டியின் குழாய் ஒன்றைப் பற்றிக் கலாசாலைச் சஞ்சிகையில் எழுதப் புகுந்தோம் என்று கண்டு, இலக்கிய மாணவர் சிலர் இப்பக்கத்தை விரைந்து புரட்டக் கூடும். புரட்டற்க. பௌதிக சாஸ்திரம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், தாம் வகுப்பிற் கூறுவதனைத் தம் வீட்டு முற்றத்தில் மறந்துவிட்ட கதை இது. ஆசிரியரின் பிழையைக் கேட்பதில் மாணாக்கர்க்கு எத்துணை ஆர்வம் உண்டென்பதை யாம் அறியாதவரல்லேம்.

எம்மிடம் உள்ள வண்டி 2003-ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. அதனை விற்றுவிடுமாறு நண்பர் பலர் கூறினும், எம் தந்தையார் ஏறிய வண்டியாதலின் மனம் இசையவில்லை. அதன் பின்புறத்துத் தொட்டியிலுள்ள பெட்ரோல் முன்புறத்து இயந்திரத்திற்கு வந்து சேர வேண்டும். கார்புரேட்டர் பூண்ட பழைய வண்டிகளில் அது சாவதானமாகவே வந்தது. சதுர அங்குலத்திற்கு 3 அல்லது 5 பவுண்டு அழுத்தமே அதற்குப் போதுமானதாயிருந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய காலத்தே, நம் நாட்டிற் செய்யப்படும் கார்களில் கார்புரேட்டர் மறைந்து இஞ்செக்‌ஷன் முறை நிலைபெறலாயிற்று. இம்முறையில், தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் மின்பம்பு ஒன்று பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் உந்துகிறது. அதாவது சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 43 பவுண்டு. வண்டியின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 30 பவுண்டளவே என்பதை நினைத்தால் இதன் வன்மை புலனாகும்.

அவ்வாறு வந்த பெட்ரோல், இயந்திரத்தின் தலைமீது குறுக்காகக் கிடக்கும் ஓர் உலோகக் குழலுட் புகுந்து நிற்கும். அதற்கு ரெயில் என்று பெயர். புகைவண்டிக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. பசுவின் மடியிற் காம்புகள் போல நான்கு இஞ்செக்டர்கள் அதினின்று கீழ்நோக்கி இறங்கி, கணக்கிட்ட நேரத்திற் கணக்கிட்ட அளவு பெட்ரோலைப் பீச்சுகின்றன. வண்டியின் உடலோடு இறுகப் பிணித்த இரும்புக் குழாய் இயந்திரத்தின் அருகே வந்து நின்றுவிடும். இயந்திரமோ ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்து ஓயாது குலுங்குவது. நிற்பதனையும் குலுங்குவதனையும் இணைக்க வளையுங் குழாய் ஒன்று வேண்டும். முழங்கை நீளமேயுள்ள அச்சிறு குழாயே இக்கட்டுரையின் பொருள்.

சென்ற 2025-ஆம் ஆண்டின் கோடையில், காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் பெட்ரோல் வாடை மெல்லியதாக வீசிற்று. நம் நாட்டில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டு பெப்ருவரியில் அறிமுகமாகி, 2025-இல் எங்கும் பரவிவிட்டது. எத்தனாலை நோக்கிச் செய்யப்படாத பழைய ரப்பர் வகைகள் சிலவற்றை அது வீங்கச் செய்தும் உலரச் செய்தும் கெடுக்கும். எம் வண்டியின் குழாய்க்கோ 22 பிராயம். எத்தனால்தான் அதனைக் கெடுத்ததோ, மூப்பே கெடுத்ததோ, வளைத்துப் பார்த்தபோது அதன் மேனியில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றின. மாற்றவேண்டியதே என்று துணிந்தோம்.

இதுவரையில் எம் நடத்தையிற் குற்றமில்லை. பட்டறைக்குச் செல்லாமல் யாமே மாற்றுவோம் என்று எண்ணியதும் பெருங்குற்றமன்று. ஆனால், பந்தய வண்டிகளின் படங்களிற் கண்ட எஃகுப் பின்னல் போர்த்த குழாயின் மேல் எமக்கு ஆசை பிறந்தது. வெள்ளிக் கம்பியால் நெய்தாற்போல் மின்னும் அதனைக் கண்டால், தோடுடைய காதுபோல் இயந்திரமே அழகு பெற்றுவிடும் என்று தோன்றிற்று. மலிவாகக் கிடைத்த ஒன்றை வருவித்தோம். அதன்மேல் எழுத்தோ எண்ணோ யாதும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. இஞ்செக்‌ஷன் வண்டிக்குரிய ரப்பர் குழாயில் எஸ்.ஏ.இ. ஜே 30 ஆர் 9 என்பது போன்ற குறி அச்சிட்டிருக்கும் என்பதை அப்பொழுது யாம் அறியோம். அறிய முயலவும் இல்லை. ஓர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் பழைய குழாயைக் கழற்றிவிட்டு, புதியதன் இரு நுனிகளையும் குழல்வாய்களிற் செருகி, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்கு இடுவது போன்ற திருகுக் கிளாம்பு இரண்டை இட்டு இறுக்கினோம். இயந்திரம் கிளம்பிற்று. ஒரு சொட்டும் இல்லை. அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டியதும் உண்டு.

ஒன்பது நாள் கழித்து, நாகர்கோவிலில் உறவினர் இல்லத் திருமணத்திற்குப் புறப்பட்டோம். பின்னிருக்கையில் எம் அன்னையாரும், தமக்கையின் மகளும், அவள் மடியில் நான்கு மாதக் கைக்குழந்தையும் இருந்தனர். பாளையங்கோட்டையை விட்டு நாங்குனேரியைக் கடந்த சிறிது நேரத்தில், அதுவரை கண்மூடியிருந்த அன்னையார், “ஏலே, பெட்ரோல் வாடை அடிக்கு, வண்டியை நிப்பாட்டு” என்றார். முன்னே சென்ற லாரியின் வாடையாயிருக்கும் என்றோம். “லாரிக்கு டீசல் வாடைல்லா அடிக்கும்” என்று அவர் மறுத்தார். பௌதிக ஆசிரியர்க்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. வண்டியை நிறுத்தினோம்.

மேல்மூடியைத் தூக்கிய அக்கணத்தை இன்றும் எம்மால் அமைதியாக நினைக்க இயலவில்லை. வெள்ளிபோல் மின்னிய அப்பின்னல் முழுதும் நனைந்து, வியர்த்தாற்போல் பெட்ரோலைக் கசியவிட்டுக் கொண்டிருந்தது. நுனியிலிருந்து விழுந்த துளிகள் இயந்திரத்தின் பக்கத்தில் வழிந்து, புகைக்குழாயினின்று நாலு விரற்கடையில் ஆவியாய்ப் போய்க் கொண்டிருந்தன. சாவியைத் திருப்பி அணைத்தோம். எல்லாரையும் இறக்கி, எதிர்காற்றுப் பக்கமாகத் தொலைவில் ஓர் உடைமரத்தடியில் நிறுத்தினோம். குழந்தை சிரித்துக் கொண்டிருந்தது. தீயணைக்கும் உருளை ஒன்று வண்டியில் உண்டா என்று தமக்கையின் மகள் கேட்டாள். இல்லை என்று கூற எமக்கு நா எழவில்லை. பம்பு நின்றபின்னும் ரெயிலினுள் அழுத்தம் சற்றுநேரம் தங்கியிருப்பதால் கசிவு உடனே நிற்காது. கால்மணி நேரம் தூரத்தில் நின்றே அதனை நோக்கியிருந்தோம். அவர்களை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, எமது வண்டியை இழுவை வண்டியிற் கட்டி ஊர் திரும்பினோம். திருமணத்திற் பந்தியும் எமக்கு வாய்க்கவில்லை.

மறுநாள் பட்டறையில், வயது முதிர்ந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் அக்குழாயைக் கழற்றினார். நாற்பதாண்டுக்கு மேல் இத்தொழிலிற் பழகிய கை அவருடையது. கடிந்து ஒரு சொல் அவர் கூறவில்லை. குழாயை வைஸிற் பிடித்து நீளவாக்கிற் பிளந்து, எம் கையிற் கொடுத்து, “மாப்பிள்ளையைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துப் பெண் கொடுத்த கதைதான் சார்” என்றார். மேலே எஃகு, உள்ளே இருந்தது தண்ணீருக்கும் தகாத ரப்பர். பெட்ரோல் பட்டு ஒன்பதே நாளில் அது கூழ்போல் நெகிழ்ந்திருந்தது. அன்றியும், கிளாம்பு பற்றியிருந்தது ரப்பரை அன்று, பின்னலையே. கம்பிகளின் முடிச்சுகள் மேடும் பள்ளமுமாய் நிற்க, கிளாம்பின் பிடி ஓரிடத்தில் அழுந்தியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தது. வெப்பமும் குலுக்கலும் சேரவே அந்த இடைவெளி வழியாகப் பெட்ரோல் பின்னலுக்குள் நுழைந்து, எங்கே பிறந்தது என்று தெரியாதபடி வெளிப்பட்டது. வெறும் ரப்பர் குழாயாயிருந்தால் வெடிப்பும் வீக்கமும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எமது பழைய குழாய் தன் மூப்பை மறைக்காமற் காட்டிற்று; புதியதோ மறைத்தது.

இனி யாதோர் பின்னலும் வேண்டாம் என்றோம். அண்ணாச்சி நகைத்து, குற்றம் பின்னலில் இல்லை, இணைப்பில்தான் என்று கூறி, முறையான ஒன்றை எம் கையாலேயே செய்வித்தார். அதன் உட்குழல் டெப்லான் எனப்படும் பொருளால் ஆனது. எத்தனாலுக்கும் பெட்ரோலுக்கும் அசையாதது. ஆனால் அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. மின்னைக் கடத்தாத குழலில் பெட்ரோல் விரைந்தோடினால் உராய்வினால் மின்னேற்றம் சேர்ந்து, நுண்ணிய துளைகளைச் சுட்டுவிடும். ஆகவே கரி கலந்து மின்கடத்துமாறு செய்த கருநிற உட்குழலையே வாங்கச் செய்தார். நிலைமின்னியலை ஆண்டுதோறும் பட்டுத்துணியும் கண்ணாடிக்கோலும் கொண்டு கற்பிக்கும் எமக்கு, அது ஒரு பட்டறையில் இவ்வாறு பயன்படுவதாகத் தெரிந்தது அன்றுதான்.

குழாயை வெட்டுவதே ஒரு வித்தை. வெட்டுமிடத்தில் நாடாவை இறுகச் சுற்றி, அந்நாடாவின் மேலேயே நுண்பல் ஆக்ஸா பிளேடால் அறுக்க வேண்டும். அன்றேல் பின்னல் விளக்குமாறு போல விரிந்துவிடும். யாம் அவசரப்பட்டு நாடாவை நழுவவிட்டதால், மயிரினும் நுண்ணிய கம்பிகள் மூன்று விரல்களிற் பாய்ந்தன. வெட்டியபின் உள்ளே காற்றை ஊதித் தூள்களைப் போக்க வேண்டும். ஓர் இரும்புத் தூள் போதும், இஞ்செக்டரின் கண்ணை அடைத்துவிட. பின்னர் பின்னலை மட்டும் சற்று விலக்கி, உட்குழலின்மேல் சிறு பித்தளை வளையம் ஒன்றை ஏற்றி, முனைக்கருவியை எண்ணெய் தொட்டுத் திருகி இறக்க வேண்டும். இங்கே பிடிப்பு உட்குழலின்மேல் நேராக விழுகிறது. பின்னல் வெளியே தனியாக நெருக்கப்படுகிறது. எமது கிளாம்பு செய்யத் தவறியது இதுவே.

ரெயிலின் வாயில் இரண்டு மரைகளால் பொருத்தியிருந்த பழைய முனையை நீக்கி, லேத் பட்டறையிற் கடைந்த புதிய முனை ஒன்று இடப்பட்டது. அதன் நுனி 37 பாகைச் சாய்வுடைய கூம்பு. இம்முறைக்கு ஏ.என். என்று பெயர், அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்கெனக் கையாண்டது. ஆறாம் எண் என்றால் அங்குலத்தில் 16-இல் 6 பங்கு, அதாவது 3/8 அங்குலக் குழலுக்குரியது என்று பொருள். சாதாரணக் குழாய் வேலையில் வழங்கும் கூம்பு 45 பாகையுடையது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. மாற்றி இணைத்தாலோ ஒரு நூலிழை வட்டத்தில் மட்டும் தொட்டு நின்று கசியும். யாம் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவை எடுத்துத் திருகின்மேல் சுற்றப் போனோம். அண்ணாச்சி எம் மணிக்கட்டைப் பற்றிக் கொண்டார். இங்கே அடைப்பது கூம்பும் கூம்பும் பொருந்தும் பரப்பு. திருகு அவற்றை நெருக்குவதற்கு மட்டுமே. நாடாவின் கந்தல் உட்சென்றால் இஞ்செக்டர் அதனை விழுங்கித் தவிக்கும். இரண்டு ஸ்பானர்களால், ஒன்று பிடிக்க ஒன்று திருப்ப, கையால் இறுகிய பின் இன்னும் சிறிதளவே இறுக்கச் சொன்னார். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை கிழிந்துவிடுமாம்.

வேலை முடிந்தது என்று எழுந்தோம். அவர் எழவில்லை. குழாயை விரலால் தொட்டுக்கொண்டே அதன் வழி முழுதும் சென்று, டைனமோவின் மின்முனை அருகே நின்றார். எஃகுப் பின்னல் அரம் போன்றது. எதனோடு உரசுகிறதோ அதனை நாளடைவில் அறுக்கும். மின்கம்பியின் உறையை அறுத்தால், பின்னல் தானே மின்னைக் கடத்தும். ஒருபுறம் பெட்ரோல், ஒருபுறம் பொறி. வழியை மாற்றி, ரப்பர் வளையங்களில் தாங்கி, இயந்திரம் குலுங்குவதற்கு இடமாகச் சிறிது தளர்வும் விட்ட பின்னரே அவர் முகம் தெளிந்தது.

சோதனை எளிது. இயந்திரத்தைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் பம்பு இரண்டொரு நொடி முனகி ரெயிலை நிரப்பிவிட்டு நிற்கும். நாலைந்து முறை அவ்வாறு செய்து, ஒவ்வோர் இணைப்பின் கீழும் வெள்ளைத்தாளை ஒற்றிப் பார்க்க வேண்டும். எம் பையிலிருந்த பழைய தேர்வுத்தாள்களே அதற்கு உதவின. அவற்றிற் பாதிக்கு மேல் திரவ அழுத்தம் பற்றிய விடைகள். சிலவற்றிற்கு யாம் கண்டிப்பாகப் பூச்சியம் இட்டிருந்தோம். தாள் உலர்ந்தே வந்தது. இயந்திரம் சூடேறிய பின்னும், அரைமணி ஓட்டிய பின்னும், மறுநாட் காலையிலும் உலர்ந்தே வந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் இன்றும் அவ்வாறே தாளை ஒற்றிப் பார்க்கிறோம். ஓட்டுநர் இருக்கையின் கீழ் ஒரு சிறு தீயணைப்பு உருளையும் இருக்கிறது. எம் அன்னையார் இவ்விரண்டையும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வண்டியில் ஏறி அமர்ந்ததும், கண்ணாடியைச் சிறிது இறக்கி, முகத்தை முன்னே நீட்டி, இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு, “சரி, எடு” என்கிறார். அதன் பின்னரே யாம் கியரைத் தொடுகிறோம்.