குடியாதவரின் கல்லீரல்

மதுவைத் தொட்டறியாத ஒருவரின் கல்லீரல் பழுதுற்றதென்று கேட்டால், நாம் முதலில் ஐயுறுவது அவரது ஒழுக்கத்தையே. எங்கள் தமக்கையார் நோயைவிட அந்தப் பார்வைக்கே அஞ்சி, நெடுநாள் அதை மறைத்து வைத்தார். 'மதுசாராத' என்று பெயரிலேயே மதுவைச் சுமந்த இக்கொழுப்பு நோய்க்கு, 2023இல்தான் மருத்துவ உலகம் வேறு பெயர் சூட்டியது.

மறைப்பதன் விலை இன்று இன்னும் பெரிது. ஏனெனில் மருந்து வந்துவிட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமக்ளூட்டைடு ஊசிக்கும் இசைவளித்தது. முன்னது கல்லீரலிலேயே கொழுப்பைக் கரைக்கத் தூண்டுகிறது. பின்னது பசியையும் எடையையும் குறைக்கிறது. ஆயின் இரண்டும் அழற்சியுற்றுத் தழும்பேறியவர்க்கே; ஈரல் சுருங்கிவிட்டவர்க்கு அல்ல.

இவை முழுத் தீர்வும் அல்ல. ரெஸ்மெட்டிரோமின் உயர்ந்த அளவை ஓராண்டு உண்டவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கே தழும்பு குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் அது 14. ஆகவே அளவான உணவும் நாள்தோறும் நடையும் இன்னும் நம் கடமையே.

நோயுற்றவர் தயங்காமல் மருத்துவரிடம் செல்லுமாறு நம் ஐயப் பார்வையை விலக்குவோம். அதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை.